உட்கார்ந்தே தூங்கியவள்

நீச்சல் கற்றுக்கொடுப்பவளுக்கே மூச்சு வாங்குகிறது என்றால் யார் நம்புவார்கள்? பிள்ளை பெற்று வீடு திரும்பியதிலிருந்து, குளியலறைக்குப் போய்வருவதற்குள் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. படுத்தால் இருமல். வீங்கிய கால்களை அழுத்தினால் குழி விழுந்தது. "பிரசவ உடம்புன்னா அப்படித்தான் இருக்கும்" என்றான் கணவன். அவளும் அதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அவனுடைய அக்காவுக்கும் அவளுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. தண்ணீரே கதியென்று கிடப்பவள் என்பதால் அக்கா அவளுக்கு வைத்த பெயர் 'வாத்து'. குழந்தையைப் பார்க்க ஒரு மத்தியானம் வந்த நாத்தனார், தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள்.

"ஏய் வாத்து, என்ன இப்படித் தூங்குற?"

"படுத்தா... யாரோ தண்ணிக்குள்ள அமுக்கிப் புடிச்ச மாதிரி... இருக்குக்கா."

நாத்தனார் உடனே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டேய், வண்டிய எடு!" என்று தம்பியை அதட்டினாள்.

ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்தார். "இதயத் தசை தளர்ந்துபோயிருக்கு. ரத்தத்தைச் சரியா தள்ள முடியாம நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. கர்ப்பத்தோட கடைசியிலயோ பிரசவத்துக்கு அப்புறமோ அபூர்வமா சிலருக்கு இப்படி வரும். நீங்க எந்தத் தப்பும் பண்ணலம்மா."

"பொழைச்சுக்குவேனா?"

"நல்லவேளை, வந்துட்டீங்க. நிறைய பேருக்கு மருந்துலயே தேறிடும். பொறுமை வேணும்."

நீர் வடிய வடிய மூச்சு சீரானது. ஆனால் மருந்துகளுக்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னபோது உடைந்து அழுதாள்.

"எதுக்குடி அழற? உன் புருஷனும் புட்டிப்பால்ல வளந்தவன்தான். மூளை கொஞ்சம் கம்மி, மத்தபடி நல்லாத்தானே இருக்கான்?" என்றாள் நாத்தனார். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக நடை. சில நாள் நெஞ்சு படபடத்தாலே உயிர் போய்விடுமோ என்று பயந்தாள். நாத்தனார் தன் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே குழந்தையைக் குளிப்பாட்டினாள்.

மறுபடி எக்கோ எடுத்தபோது டாக்டரம்மா முகம் மலர்ந்தது. "இதயம் நல்லா தேறியிருக்கு. மருந்தை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. இன்னொரு பிரசவம்னா இது திரும்ப வரலாம். எங்களைக் கேக்காம அதைப் பத்தி முடிவெடுக்க வேண்டாம்."

வெளியே வந்ததும், நாத்தனாரின் தோளில் கிடந்த மகளையே பார்த்தாள் அவள். வீடு நிறையப் பிள்ளைகள் வேண்டுமென்று ஆசைப்பட்டவள்.

"இவ ஒத்தையா வளரணுமாக்கா?"

"ஒத்தையா? என் வீட்டுல ரெண்டு தடியனுங்க இருக்கானுங்களே! இவ கிள்ளுனா திருப்பிக் கிள்ளுறதுக்கு அவனுங்க போதும்" என்றாள் நாத்தனார்.

தோளில் கிடந்த குழந்தை, அத்தையின் காதுத் தொங்கட்டானை வெடுக்கென்று இழுத்தது.

"ஆ! இப்பவே ஆரம்பிச்சுட்டா!"