கழிப்பறைத் தாழ்ப்பாள்

ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தின் கழிப்பறைக்குள் பாலகுரு மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது, கதவு அசையவில்லை. உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று தட்டிச் சொன்னான்.

"நடுவுல பிடிச்சு உங்க பக்கம் இழுங்கண்ணே," என்றாள் வெளியே நின்ற பணிப்பெண், குழந்தைக்குச் சோறூட்டும் குரலில்.

"இழுத்தாச்சு மேடம். லாக் போயிடுச்சு."

"பதறாதீங்க. முதல் தடவைன்னா இப்படித்தான் இருக்கும்." பிறகு வேறு யாரிடமோ, "லேபர் கேம்ப் ஆளுங்க. ஒவ்வொரு ட்ரிப்பும் இதே தலைவலி," என்று அவள் அலுத்துக்கொண்டதும் தெளிவாகக் கேட்டது.

பாலகுருவுக்குச் சுர்ரென்று ஏறியது. பதினோரு வருடமாகப் போய்வருகிறவனுக்கு முதல் தடவையாம்! அவன் உள்ளே நுழையும்போதே கம்பெனி டீசர்ட்டைப் பார்த்து கணக்குப் போட்டுவிட்டாள் போல. இனி இவளை நம்பிப் பயனில்லை என்று இடுப்பு பெல்ட்டைக் கழற்றினான். கொக்கி முள்ளால் தாழ்ப்பாளின் மூடியை நெம்பி, உள்ளே முறிந்து குறுக்கே கிடந்த ஸ்பிரிங்கை வெளியே எடுத்தான். கதவு மடங்கித் திறந்தது.

அவன் கையில் இருந்ததைப் பார்த்துப் பணிப்பெண் பதறினாள். "ஐயோ, உடைச்சிட்டீங்களா?"

பாலகுரு துண்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"முறிஞ்ச இடம் பூரா துரு. இது இன்னைக்கு உடைஞ்சது இல்ல மேடம். ஷார்ஜா தொழில்பேட்டையில கதவு மாட்டுறதுதான் என் பொழப்பு. அடுத்த தடவ கேம்ப் ஆளு பூட்டு போயிடுச்சுன்னு சொன்னா, ஆளப் பாக்காதீங்க. பூட்டப் பாருங்க."