பட்டன்கடை வாசலில் நின்ற பனி

பட்டன்கடைக்காரரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்ற இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பனிமூட்டம் கலையாமல் இருந்தது. தெருவில் மற்ற இடமெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும். காரின் மூக்குக்கு முன்னால் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று பனி நின்றுகொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் மூடியில்லாத சாக்கடையைச் சுற்றிப் போவதுபோல அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அது மொத்த வியாபாரத் தெரு. சும்மா கிடக்கிற எதையும் அந்தத் தெரு சும்மா கிடக்க விட்டதில்லை. முதல் கோடையிலேயே பூக்கடைக்காரி தன் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பனியின் ஓரமாக வந்து உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை அவள் பூ வாடவில்லை. ஐஸ் பெட்டி வாங்கச் சேர்த்திருந்ததில் கம்மல் வாங்கிக்கொண்டாள். எதிர் வரிசைத் தையல்காரர் மதியச் சாப்பாடு முடிந்ததும் பனிக்குள் நாற்காலி போட்டுத் தூங்குவார். துணி கேட்டு வந்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, கையில் ஆள் தட்டுப்படாமல் திரும்பிப் போவார்கள்.

பனி காரின் ஹெட்லைட்டிலிருந்துதான் கசிந்தது. இரண்டு விளக்கும் ஆறிய பாலில் படிந்த ஏடு மாதிரி மஞ்சளடித்து மங்கிப்போயிருந்தன. காரைப் பற்றி எதுவும் தெரியாத ஆண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது. பட்டன்கடைக்காரரின் மனைவி வருஷத்துக்கு ஒரு முறை அதையும் செய்து பார்த்தாள். ஒரு வாரம் பனி சுருங்கி முழங்கால் உயரத்துக்கு வரும், புதினா வாசனை அடிக்கும். "என் ரோஜாவெல்லாம் பல்லு விளக்கிட்டு வந்த மாதிரி மணக்குது, யாரு வாங்குவா?" என்று பூக்கடைக்காரி சண்டைக்கு வருவாள். அடுத்த வாரம் பனி பழையபடி நிமிர்ந்து நிற்கும்.

அந்தப் பனி எந்தக் காலையைச் சேர்ந்தது என்பது பட்டன்கடைக்காரருக்கு மட்டும் தெரியும். சரக்கு எடுக்க மில் ஊருக்குப் போய்விட்டு, விடிந்தும் விடியாத நேரத்தில் புறவழிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்து மரம்கூடத் தெரியாத பனி. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவன் திடீரென்று வந்து நின்றான். தடால் என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து தேடினார், கூப்பிட்டார், பாலத்துக்கடியில் குனிந்து பார்த்தார். ஆளும் இல்லை, இரத்தமும் இல்லை. சாலையில் ஒரே ஒரு வான நீலப் பட்டன், பிய்ந்த நூலோடு கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, காரைக் கடை வாசலில் நிறுத்தினார். விளக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த பனியும் அங்கேயே நின்றுவிட்டது. அதன்பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, காரை விற்கவும் சம்மதிக்கவில்லை.

வெளியே சொல்லாவிட்டாலும் மனசு வேறு வழியில் கசியத்தானே செய்யும். தினமும் பேப்பர் வந்ததும் விபத்துச் செய்தியைத்தான் முதலில் படிப்பார். வான நீலப் பட்டனைக் கடையில் வைக்கவே மாட்டார். கேட்டு வருபவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார். இதைவிட விசேஷம், யாராவது காலைச் சாய்த்து நடந்து வந்தால் போதும், அவர்கள் கேட்ட விலைக்கே சரக்கைக் கட்டிக் கொடுத்துவிடுவார். பேரம் என்பது மூச்சு விடுகிற மாதிரி நடக்கிற தெருவில் இப்படி ஒரு செய்தி எத்தனை நாள் மறைந்திருக்கும்? சுற்று வட்டாரத்துத் தையல்காரர்கள் எல்லாம் தெருமுனை வரை நிமிர்ந்து நடந்து வந்து, அங்கிருந்து நொண்ட ஆரம்பித்தார்கள். அவசரத்தில் போன தடவை இடது கால், இந்தத் தடவை வலது கால் என்று மாற்றி நொண்டியவர்களும் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. "நம்ம கடைக்கு வந்தா மட்டும் ஊருக்கே மூட்டு வலி வருதே, என்னங்க அது?" என்று கேட்பாள். அவர் நூல்கண்டு அடுக்குவதுபோலத் திரும்பிக்கொள்வார்.

பனி கடைக்குள் படியேறிய வருஷம்தான் விஷயம் முற்றியது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். சீருடைத் தைப்பு மும்முரம். உலோகப் பட்டனெல்லாம் டப்பாவுக்குள்ளேயே துருப்பூத்துப்போயின. ஜிப்புகள் ஏறினால் இறங்க மறுத்தன. அளவு நாடா நனைந்து நீண்டுபோனதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமும் தொளதொளவென்று அலைந்தார்கள். மனைவி அன்றைக்கே டயர் கடைப் பக்கம் போய், ஹெட்லைட் துலக்குகிற பெண்ணைக் கையோடு கூட்டி வந்தாள். அவளைப் பளபளா அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தன் தொழிலைவிடத் தன் பேச்சை அதிகம் பளபளப்பாக வைத்திருந்தவள்.

அவள் பனிக்குள் கையை விட்டுத் துழாவி, விளக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "இது கண்ணாடி இல்லம்மா, பிளாஸ்டிக்கு. வெயில்ல மேல்தோலு வெந்துபோச்சு. உரிச்சு எடுத்தாத்தான் சரியாகும்" என்றாள்.

"உள்ள பனி இருக்கே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போன மாசம் ஒரு வேன் விளக்குக்குள்ள மழையே பெஞ்சுது. தொடைச்சுக் குடுத்தேன்."

"சரி, விலை என்ன?"

"ரெண்டு விளக்கு, தனித்தனியாச் சொல்லவா, சேர்த்துச் சொல்லவா?"

"தனியாச் சொல்லு, சேர்த்துத் தரேன்" என்றாள் மனைவி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். ஒருவழியாகப் படிந்தது.

பட்டன்கடைக்காரர்தான் குறுக்கே வந்து நின்றார். அவர் பயந்தது செலவுக்கு இல்லை. அந்த விளக்குதான் அன்றைக்குக் கடைசியாக அந்த ஆளின் முகத்தைப் பார்த்தது. துலக்கினால் என்ன வெளியே வருமோ என்றுதான் பயம். "வேணாம். வண்டி இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார்.

"வண்டி இருக்கட்டும். பனி போகட்டும்" என்றாள் மனைவி. பூக்கடைக்காரி அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, "நல்லா இருக்கே நியாயம்! என் பொழப்பைக் கேட்டீங்களா? ஊருக்கே பொதுவான பனி இது" என்று கத்தினாள். "பொதுவானதுன்னா உன் வீட்டு வாசல்ல கொஞ்சம் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மனைவி வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

பளபளா அக்கா விளக்கைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட் மேல் படாமல் டேப் ஒட்டினாள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். முதலில் முரட்டு உப்புத்தாளை நனைத்து, குறுக்கே ஒரு தரம் நெடுக்கே ஒரு தரம் என்று அழுத்தித் தேய்த்தாள். வழிந்ததெல்லாம் மஞ்சள் பால். கீழே வாளி வைத்து அதைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் வழிந்தால் வழுக்கும் என்று சொன்னாள். இந்த வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. முதல் தாள் போட்டதும் விளக்கு தெளியாது. முன்னைவிட மோசமாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். இங்கேதான் வண்டிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். இந்தத் தெருவில் நடந்தது வேறு: விளக்கிலிருந்து பனி குபுகுபுவென்று கிளம்பித் தெரு முழுவதையும் விழுங்கியது. சலூனில் பாதிக் கன்னத்தோடு கத்தி நின்றது. தராசு வைத்திருந்த கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தராசைக் கையால் பொத்திக்கொண்டார்கள். தன் மூக்கு தனக்குத் தெரியாத அந்த வெள்ளையில், பளபளா அக்காவின் குரல் மட்டும் கேட்டது: "யாரும் அசையாதீங்க. இது இப்படித்தான் இருக்கும். அடுத்த தாளு போட்டா சரியாகிடும்."

பட்டன்கடைக்காரர் அந்தக் காலைக்குள் மறுபடியும் வந்து நின்றார். அதே ஈரம், அதே வெள்ளை. மனைவியின் கை எங்கேயோ இருந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தது. அவர் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாலம், நீலச் சட்டை, தடால் சத்தம், தேடியது, கிடைக்காதது. "நான் ஒருத்தனைக் கொன்னுட்டேனா இல்லையான்னே தெரியாம இத்தனை வருஷமா சாப்பிட்டுட்டு இருக்கேம்மா" என்றார். காதோடு காதாகத்தான் சொன்னார். ஆனால் பனியில் ஆள்தான் தெரியாது, பேச்சு நன்றாகவே கேட்கும். தெரு மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. நொண்டித் தையல்காரர்கள் தலை குனிந்தார்கள். குனிந்தது யாருக்கும் தெரியாததால் அது கணக்கில் வராது. மனைவி அவர் கையை விடாமலே பளபளா அக்காவிடம், "தேய்க்கிறதை நிறுத்தாதே. தேயி" என்றாள்.

பளபளா அக்கா தேய்த்தாள். நடுத்தரத் தாள், பிறகு மெல்லிய தாள், கடைசியில் பட்டுத்துணி மாதிரி ஒரு தாள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது. பனி தெருமுனையிலிருந்து பின்வாங்கி, சலூனை விட்டு, தையல்கடையை விட்டு, காருக்கு முன்னால் வந்து சுருண்டது. பிறகு பஞ்சு உருண்டையில் பாலிஷ் வைத்துச் சுழற்றித் தேய்த்தாள். விளக்கு இரண்டும் குளித்து முழுகிவிட்டு வந்த கண்கள் மாதிரி ஆயின. உள்ளே இருந்த பல்பு, அதன் பின்னால் இருந்த வெள்ளித் தகடு, அதில் தெரிந்த தலைகீழ்த் தெரு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. காரின் பேட்டரி செத்து வருஷக்கணக்கானதால், அவள் தன் வண்டியிலிருந்த பேட்டரியை இறக்கி, ஒயர் போட்டு இணைத்தாள். "போட்டுப் பார்த்துடலாம். மேல கோட்டிங் மருந்து அடிச்சப்புறம் குறை சொல்லக் கூடாது" என்றாள்.

மத்தியானம் சாய்ந்து, எதிரே இருந்த கிடங்கின் ஷட்டர் நிழலில் கிடந்தது. பட்டன்கடைக்காரர் தானே போய் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் திருகினார். அதை இன்னொருவர் செய்ய அவர் விடவில்லை. வெளிச்சம் ஷட்டரில் விழுந்தது. அங்கே ஷட்டர் இல்லை, புறவழிச் சாலை இருந்தது. பனி இருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால், பின்கதவு கட்டாத ஒரு லாரி சாமான்களை ஏற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போனது; மூடிவிட்ட ஏதோ துணிக்கடையின் மர அலமாரி, கண்ணாடிப் பெட்டி, பெயர்ப் பலகை. ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்ததும் மேலே இருந்து ஒன்று நழுவி, சாலையில் நேராகக் காலூன்றி நின்றது. நீலச் சட்டை. வெளிச்சம் அதன் மேல் நெருங்கியது. இரண்டு கையையும் பாதி தூக்கிக்கொண்டு, யாருக்கோ வணக்கம் சொல்ல வந்து மறந்துவிட்டவனைப் போல அது நின்றது. முகத்தில் கண் இல்லை, வாய் இல்லை. வழவழவென்று முட்டை மாதிரி ஒரு தலை. கழுத்துப் பட்டனில் விலைச் சீட்டு தொங்கியது. தடால். ஒரு கை மேலே பறந்தது, உடம்பு வாய்க்காலுக்குள் போனது, கையும் பின்னாலேயே விழுந்தது, இரண்டையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. லாரி நிற்கவே இல்லை.

முதலில் பேசியது சட்டை வியாபாரி. "அந்தத் துணிக்கு அந்த விலையா?" என்றார். விலைச் சீட்டை எல்லோரும்தான் படித்திருந்தார்கள். "அநியாயம்" என்றார் இன்னொருவர். "அதான் கடையை மூடிட்டான்" என்றார் மூன்றாவது ஆள். பட்டன்கடைக்காரர் காருக்குள்ளேயே ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நடுவில் வேறு சத்தமாக மாறி மறுபடியும் சிரிப்பாக வந்தது. பிறகு இத்தனை வருஷமும் சட்டைப் பையில் வைத்திருந்த சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து, அந்த வான நீலப் பட்டனை ஜன்னல் வழியாக மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பட்டனைப் பார்க்கவில்லை, அதில் தொங்கிய நூலைப் பார்த்தாள். "இது ஒரு தடவைகூடத் துவைக்காத நூலுங்க. கஞ்சி அப்படியே இருக்கு பாருங்க. மனுஷன் போட்டுக்கிட்ட சட்டையில்ல இது" என்றாள். "பட்டன் கடை வச்சிருக்கிற பொண்டாட்டிகிட்ட இதைக் காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. இத்தனை வருஷமா இதைப் போய் ஒளிச்சு வச்சிருந்தீங்களே, மனுஷா!" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் தோளில் நன்றாக ஒரு அடி வைத்தாள்.

"கோட்டிங் அடிச்சா இனிமே பழசு எதுவும் தெரியாது, முன்னால இருக்கிற ரோடு மட்டும்தான் தெரியும். இன்னொரு தரம் பார்க்கணும்னா இப்பவே பார்த்துக்கோங்க" என்றாள் பளபளா அக்கா. தெருவுக்கு ஆசைதான், விலையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. "போதும், அடி" என்றார் பட்டன்கடைக்காரர். அவள் ஒரே இழுப்பில் மருந்தைத் தடவி, வெயிலில் காயவிட்டாள்.

மறுநாள் தையல்காரர்கள் தெருமுனையிலிருந்தும் நிமிர்ந்தே நடந்து வந்தார்கள். ஒருவர் மட்டும் காலைச் சாய்த்து வந்தார். அவருக்குப் பிறந்ததிலிருந்தே அந்தக் கால் அப்படித்தான். அவருக்கு மட்டும் பழைய விலையே தொடர்ந்தது. கடையில் வான நீலப் பட்டன் முன்வரிசைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டன்கடைக்காரர் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புறவழிச் சாலையில் காரை ஓட்டினார். பாலம் வரும்போது இரண்டு பேரும் வாய்க்காலை எட்டிப் பார்த்து, ஒற்றைக் கைக்காரனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். வாளியில் பிடித்து வைத்த வெள்ளைத் தண்ணீரைக் கொட்டப் போனபோது பூக்கடைக்காரி ஓடி வந்து மறித்து, அதைத் தன் கடைக்குக் கொண்டுபோனாள். தினமும் காலையில் ஒரு குவளை எடுத்து வாசலில் தெளிக்கிறாள். கூடைகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பனி எழுந்து நிற்கிறது. வாளி இன்னும் குறையவில்லை. நல்ல பூ வேண்டுமென்றால் மதியத்துக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் பனியும் இருக்காது, அவள் விலையும் இறங்காது.