தவளை தண்ணீரில் இறங்கியது

"ஓடலைன்னா?"

மெக்கானிக் மோப்பம் கேட்டுவிட்டாரே தவிர, பதில் அவருக்கே தெரிந்ததுதான். அருங்காட்சியகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி போன வாரமே அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இன்று மறுபடியும் சொன்னாள்.

"ஓடலைன்னா இன்ஜினை இறக்கிடுவோம் சார். கூடு மட்டும்தான் எங்களோட வரும். ஓடற வண்டிங்களுக்குத் தனி முற்றம் இருக்கு, பார்த்துக்க ஆள் இருக்கு. ஓடாததுக்கு உள்ளே கூடம்தான். அந்தத் தரை இவ்வளவு எடை தாங்காது."

"இறக்கின இன்ஜின் எங்கே போகும்?"

"உருக்கறதுக்கு" என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏனோதானோ அதிகாரி அல்ல அவள். வண்டியின் அடியில் தானே தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். முழங்கையில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"சரி, எப்படி ஓடணும்?"

"ஷெட்டை விட்டுத் தானா வெளியே வரணும். தண்ணில இறங்கி ஒரு சுத்து. தானா கரையேறணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்!

வண்டியின் பெயர் தவளை. ஆறு சக்கரம், படகு வயிறு, வாலுக்கடியில் ஒரு பித்தளை விசிறி. எந்தக் காலத்துப் போருக்கோ கட்டி, போர் முடிந்ததும் ஆற்று மீட்புப் படையின் தலையில் கட்டிவிட்ட வண்டி. ரோட்டில் லாரி, தண்ணீரில் படகு. அதன் மெக்கானிக்காக இருந்தவர்தான் இவர். எந்தக் கோளாறையும் முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவதால் மோப்பம் என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரைச் சம்பளம் போடுகிறவர்கூட மறந்துபோனார்.

ஓட்டியவர் அவருடைய அக்கா புருஷன். மச்சான். அந்த மச்சான்தான் இப்போது ஷெட் வாசலில் கவிழ்த்துப்போட்ட டிரம்மின் மேல், முதுகைக் காட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார். அருங்காட்சியகம் மெக்கானிக்கை மட்டும் கூப்பிட்டு அனுப்பிவிட்டதாம்.

"வண்டின்னா மெக்கானிக்தானா? ஆயுசு பூரா அதை ஓட்டினது யாரு, பேயா?"

"அக்கா சொன்னதாலதானே வந்தீங்க? வந்தவர் உள்ளே வரலாமில்ல மச்சான்?"

"என்ன?"

"உள்ளே வாங்கன்னேன்!"

"கத்தாதே. எனக்கு என்ன, காது கேக்காதா?"

கேட்காது. வலது காதை எப்போதோ இந்த இன்ஜினுக்குத் தாரை வார்த்தாயிற்று. அவருடைய இருக்கைக்கு வலப்பக்கம்தான் அதன் அறை.

மோப்பம் வேலையைப் பார்த்தார். ஒரு வாரமாக இதே வேலை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். முதலில் மயிரிழைகூட அசையவில்லை. பிறகொரு நாள் காலையில், தூங்கும் எருமை புரண்டு படுப்பதைப் போல, உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக இடம் மாறியது. அன்று அவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டே போனார். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். அதற்குப் பிறகு கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, எலி கடித்த ஒயர்களை மாற்றி, புது பேட்டரி வைத்து, இன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

வெளியே இழுவை லாரி தயாராக நின்றது. அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மோப்பம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். இருமியது. புகையைத் துப்பியது. அடங்கியது. இறங்கி முகர்ந்தார். பெட்ரோல் வருகிறது. பொறியும் வருகிறது. பிறகு என்ன கேடு? ஏறி மறுபடி அழுத்தினார். பேட்டரியின் குரல் கம்மத் தொடங்கியது. இன்னும் இரண்டு முறை தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

"ஐயோ, மிதிக்காதேடா! மாவாட்டறியா, வண்டி எடுக்கறியா?"

மச்சான்! வாசலில் இருந்தவர் எப்போது எழுந்தார், எப்போது வந்தார், தெரியவில்லை. ஒரு கை ஏற்கெனவே மட்கார்டின் மேல் இருந்தது. காது கேட்காதவருக்கு அந்த அதிர்வு போதுமாயிருந்தது.

"இறங்கு மாப்ளே. வாழ்நாள்ல ஒரு தடவையாவது இந்த சீட்ல உக்காந்து எடுத்திருக்கியா நீ? எப்பவும் மூஞ்சியை இன்ஜினுக்குள்ளே விட்டுக்கிட்டு நின்னே."

உண்மைதான். மோப்பம் இறங்கினார்.

மச்சான் ஏறி உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. சோக்கை முழுக்க இழுத்தார், பாதி தள்ளினார். ஆக்சிலேட்டரை ஒருமுறை தரையோடு மிதித்து விட்டார். உடனே ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார், எடுத்தார், துடைத்தார், போட்டுக்கொண்டார். அதிகாரி வாயைத் திறக்கப் போனாள்.

"இருங்கம்மா" என்றார் மோப்பம் தணிந்த குரலில். "பெட்ரோல் இறங்கி வரணும்."

மச்சான் அழுத்தினார்.

கிர்ர்... டொப். டொப் டொப். டொபடொபடொபடொப!

ஷெட்டின் தகரம் முழுக்க நடுங்கியது. கூரையிலிருந்து புறாக்கள் சிதறின. ஈரத் தார்ப்பாய், சுட்ட எண்ணெய், பெட்ரோல் மூன்றும் கலந்த அந்த வாசனை மோப்பத்தின் மூக்கில் ஏறியது. ஏறியதுதான் தாமதம், அவர் ஷெட்டில் இல்லை. ஊரே முங்கிக் கிடந்த அந்த வருஷத்துத் தெருவில் இருந்தார். மாடி ஜன்னல்களில் முகங்கள். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே இந்தச் சத்தத்தைக் கேட்டு, "தவளை வருது! தவளை வருது!" என்று தட்டைத் தட்டிய குழந்தைகள். தையல் மெஷின் இல்லாமல் வரமாட்டேன் என்று தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பெண். அவளோடு வழக்காடித் தோற்று, மெஷினை முதலில் ஏற்றிய மச்சான். அப்போது மச்சானுக்கு மீசை கறுப்பு.

"மாப்ளே! நின்னுக்கிட்டே தூங்கறியா? ஏறு!"

அதிகாரியும் ஏறினாள். தவளை உறுமிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தது. இழுவை லாரிக்காரர் வாயில் வைத்த பீடியை மறந்தார். ஆற்றுக்குள் இறங்கும் சரிவின் தலைப்பில் மச்சான் வண்டியை நிறுத்தினார்.

படகு வயிற்றின் அடியில் வடிகால் துளைகள் உண்டு. ஷெட்டில் நிற்கும்போது திறந்து வைப்பார்கள், உள்ளே ஈரம் தேங்காமலிருக்க. இறங்குவதற்கு முன் பித்தளை மூடிகளைத் திருக வேண்டும். முன்பக்கம் ஓட்டுநர் பொறுப்பு, பின்பக்கம் மெக்கானிக் பொறுப்பு. ஒருவருக்கொருவர் குரல் கொடுக்காமல் அவர்கள் ஒருநாளும் இறங்கியதில்லை. மச்சான் குனிந்து முன்பக்க மூடிகளைத் திருகினார்.

"முன்னாடி மூடியாச்சு! பின்னாடி?"

"மூடியாச்சு!"

எத்தனை ஆயிரம் தடவை சொன்ன சொல்! நாக்கு தானாகப் புரண்டது. தவளை சரிவில் இறங்கி, மூக்கால் தண்ணீரைப் பிளந்து, ஒரு குலுக்கலோடு மிதந்தது. மச்சான் நெம்புகோலைத் தள்ளினார். சக்கரம் விட்டது, விசிறி பிடித்தது. அதிகாரி தன்னை மறந்து கைதட்டினாள்.

மோப்பத்துக்குக் கண் நிறைந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கையில் மண்ணெண்ணெய் வாடை.

ஏன் மண்ணெண்ணெய்?

பின்பக்க மூடிகளைக் காலையில்தான் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். துரு விட. ஷெட்டில். மேஜைமேல். ஒரு பழைய தட்டில்.

பின்பக்கப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டு ஏறியது. குனிந்து மச்சானின் காதருகே போய், அதிகாரிக்குக் கேட்காமல், "மூடி போடலை" என்றார்.

"என்ன?"

"மூடி..."

"சத்தமா சொல்லித் தொலையேன்!"

"பின்னாடி மூடி போடலை மச்சான்!"

அதிகாரியின் கை பாதித் தட்டலில் நின்றது. "எந்த மூடி?"

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. காலை மட்டும் அழுத்தினார். "ஒண்ணுமில்லம்மா. விசிறி சுத்தற வரைக்கும் பம்பும் சுத்தும். வர்ற தண்ணியைத் தூக்கி வெளியே அடிச்சிடும். சண்டையில ஓட்டை விழுந்தாலும் முங்கக் கூடாதுன்னு கட்டின வண்டி இது."

"விசிறி நின்னா?"

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

வண்டியின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பனைமரம் கணக்காக எழும்பி விழுந்தது. சத்தம் கேட்டுக் கரையில் கூடியிருந்தவர்கள் அதையும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்து விசிலடித்தார்கள். இழுவை லாரிக்காரர் துண்டைச் சுழற்றினார்.

"திருப்புங்க மச்சான்!"

"பெரிய வட்டமாத்தான் திருப்ப முடியும். வேகம் குறைஞ்சா பம்பு குறையும்."

அப்போது அது நடந்தது. டொபடொப... டொப்... டொபடொப... டொப். ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தது. பம்பின் பீச்சல் சட்டென்று தாழ்ந்தது. தண்ணீர் அதிகாரியின் பூட்ஸைத் தொட்டது.

மோப்பம் இன்ஜின் அறையின் மூடியைத் தள்ளிவிட்டுத் தலைகீழாகத் தொங்கினார். அதிர்வில் ஒரு ஒயர் பிளக்கிலிருந்து கழன்று ஆடிக்கொண்டிருந்தது. தோள் துண்டை மடித்து, ஒயரைப் பிடித்து, பிளக்கின் மேல் அழுத்தினார். துண்டு ஈரம். சுளீரென்று முழங்கை வரை அடித்தது.

"அய்யோ!"

"விடாதே மாப்ளே! சரியாயிடுச்சு, விடாதே!"

"நான் எங்கே விட்டேன்? அதுதான் என்னை விடமாட்டேங்குது!"

ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு வசவு. இன்ஜினை, மச்சானை, அக்காவை அந்த மச்சானுக்குக் கட்டிக்கொடுத்த பெரியவர்களை. ஒருவரையும் விடவில்லை. ஆனால் கையை எடுக்கவுமில்லை. தவளை அகலமாக வளைந்து சரிவை நோக்கி வந்தது. முன்சக்கரம் கல்லைத் தொட்டது, வழுக்கியது, பிடித்தது. வயிற்றிலிருந்து ஆற்றைக் கொட்டிக்கொண்டே ஏறி, மேட்டில் வந்து நின்றது. இன்ஜின் மட்டும் நிற்கவில்லை.

அதிகாரி இறங்கினாள். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். குனிந்து வடிகால் துளைகளைப் பார்த்தாள். மோப்பம் துடிக்கும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்ஜின் நின்னிருந்தா மூணு பேரும் உள்ளே போயிருப்போம், இல்லையா?"

"ஆமாம்மா."

"நிக்கலை."

"நிக்கலைம்மா."

"முற்றத்துக்குத்தான் போகுது. இன்ஜினோட." பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆனா மூடியை மட்டும் இனிமே என் ஆளுங்க போடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கமே வரக்கூடாது."

அவள் என்ன சொன்னாள் என்று மச்சான் கேட்டார். மோப்பம் கத்திச் சொன்னார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

இழுவை லாரிக்காரர் பலகையை இறக்கினார். தவளை தன் காலாலேயே அதன்மேல் ஏறியது. "ஆஃப் பண்ணுங்க பெரியவரே, சங்கிலி போடணும்."

மச்சான் சாவியில் கை வைத்தார். கையை எடுத்தார். "நீ பண்ணு மாப்ளே."

"ஓட்டினது நீங்க. நீங்களே பண்ணுங்க."

"எழுப்பினது நீதானே?"

லாரிக்காரர் அதிகாரியைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள்.

"டேங்கில எவ்வளவு இருக்கும்?" என்றார் மச்சான்.

"கொஞ்சம்தான்."

"அப்ப அது தீரட்டும்."

மோப்பம் ஏறி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார், கேட்கிற காதின் பக்கம். லாரிக்காரர் இன்னொரு பீடியைப் பற்றவைத்தார்.