மாதம் இருபது ரூபாய்க்கு ஒரு குரல்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். தமிழில் தட்டச்சு செய்ய ஆறு வருஷமாக ஓர் இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். யாரோ நாலு பேர் சம்பளமில்லாமல் பராமரிப்பது. மாதம் ஒருமுறை திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வந்து, முடிந்தால் ஏதாவது கொடுங்கள் என்று கேட்கும். மூடிவிடுவேன். கோபமில்லை, கஞ்சத்தனமும் இல்லை. அப்புறம் பார்க்கலாம், அவ்வளவுதான். போன வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எழுபத்திரண்டு 'அப்புறம்' வந்தது. வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்தால் மற்றவர்கள் பணம் கொடுப்பார்கள். எழுத்தாளன் கதை எழுத உட்கார்ந்துவிடுவான்.

2

முதல் தொடக்கம்: 'உத்திரமேரூர் ஏரி கரை தளும்பிக் கிடந்த ஒரு மார்கழிக் காலையில்—' (ஏரிக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'ஷாஹிஸ்தா ஒரு புரட்சிக்காரி.' (இல்லை. அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.)

மூன்றாவதுதான் நிற்கிறது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முகம்மது கௌஸ் பாயின் கடை. நடுவில் ஒரு தடுப்பு. ஒரு பாதியில் அவர் நெல் மூட்டைக்குச் சாக்கு விற்கிறார். மறுபாதியில் அவர் மகள் ஷாஹிஸ்தா ஜெராக்ஸ் எடுக்கிறாள், பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் மனுப் போட்டுத் தருகிறாள். கூட்டம் குறைந்த நேரத்தில் 'வாசி' என்ற மென்பொருளைப் பழுது பார்க்கிறாள். போனில் வரும் தமிழ் எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது அது. எழுத்துத் தெரியாதவர்கள், கண் தெரியாதவர்கள் என்று பல ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வைத்திருக்கிறார்கள். பராமரிப்பது ஆளுக்கொரு ஊரில் நாலு பேர், எல்லாரும் சும்மா. நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பூட்டு கிடையாது. செலவு ஒன்றே ஒன்று. குரலை உண்டாக்கித் தரும் கணினி எங்கோ வாடகைக்கு ஓடுகிறது, மாதம் மூவாயிரம். வாடகை நின்றால் குரல் நிற்கும்.*

* வாசியைத் தேடாதீர்கள், கிடைக்காது, பெயர் நான் வைத்தது. ஆனால் அந்த நாலு பேர் மாதிரி ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள்.

3

வாடகை கட்டிவந்த ஒரு புண்ணியவான் கையை விரித்தார். ஷாஹிஸ்தா கடையில் ஒரு தாள் ஒட்டினாள்: 'வாசி நிற்காமல் ஓட மாதம் இருபது ரூபாய் தாருங்கள்.'

நெல் வியாபாரி சுப்பிரமணி சாக்கு வாங்க வந்தவர், அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது?" என்றார். அவள் விளக்கினாள். அவர் பாதிதான் கேட்டார். மறுநாள் ஒரு கவரோடு வந்தார். உள்ளே ஐந்நூற்றொன்று.

"எழுதிக்கோ. சுப்பிரமணி, நெல் மண்டி."

"மாமா, இருபது ரூபா போதும். மாசாமாசம் குடுத்தா போதும்."

"இருபதா? பாய் வூட்டு காரியத்துக்கு இருபது ரூபா வெச்சா நம்ம மருவாதி இன்னாத்துக்கு ஆவறது?"

ஒருவர் வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? மொத்தம் இருபத்துமூன்று கவர்கள் வந்தன. எல்லாத் தொகையும் ஒன்றில் முடிந்தது. பெயர் எழுதும்வரை யாரும் நகரவில்லை, அதனால் எழுதினாள். நாலு மாத வாடகை சேர்ந்துவிட்டது. அவள் அதை நன்கொடை என்று நினைத்தாள். அவர்கள் வைத்ததோ மொய்.

4

தை பிறந்ததும் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. முதலில் சுப்பிரமணியின் பேரனுக்குக் காதுகுத்து. மொய் வாங்கிய கை வைக்காமல் இருக்க முடியுமா?

"வாங்கினதுக்குக் கம்மியா வெக்கக் கூடாது. அம்பது சேத்து வை" என்றார் கௌஸ் பாய். பங்குனி முடிவதற்குள் பதினாலு விசேஷம். வந்த பணம் வாடகைக்குப் போயிருந்தது. திரும்ப வைத்ததெல்லாம் அவளுடைய ஜெராக்ஸ் காசு. மீதி ஒன்பது வீடுகளும் நாள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

(இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. நிரல் எழுதத் தெரிந்த பெண் இவ்வளவு ஏமாளியா? ஒரு பக்கம் முழுக்க அவளைப் புத்திசாலியாக்கி எழுதினேன். அதில் அவள் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம், 'இது மொய் அல்ல' என்று விளக்குகிறாள். பத்திரிகையும் பழத்தட்டுமாக வாசலில் நிற்கிறவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

மே மாத வாடகையைக் கைக்காசில் கட்டினாள். ஜூன் வாடகையை முப்பதாம் தேதிக்குள் கட்ட வேண்டும், கையில் ஒன்றுமில்லை. மறுபடி யாரைக் கேட்பது? விசேஷம் ஒருமுறைதான், மொய்யும் ஒருமுறைதான். நாலு பேரில் ஒருவனான ராஜகுளத்துத் தானியேல் போனில், "வுட்ரலாம் ஷாஹிஸ்தா. அஞ்சு வருஷம் ஓட்டிட்டோம், போதும்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஜூன் இரண்டாம் தேதி அவள் அறிவிப்பைத் தட்டச்சு செய்தாள்.

'அன்புள்ள பயனாளிகளுக்கு, இம்மாதம் முப்பதாம் தேதியுடன் வாசி தன்—'

அதற்குமேல் விரல் ஓடவில்லை. ஐந்து வருஷ உழைப்பு. அழுகை வந்தது, அழுதாள். ஜெராக்ஸுக்கு ஆள் வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

5

வந்தவள் செங்கேணி. நடவு வேலைக்குப் போகிறவள், எழுத்துத் தெரியாது. மகள் பூஜா செங்கல்பட்டில் நர்ஸிங் படிக்கிறாள். அங்கே பேச நேரம் கிடைக்காது, எழுதித்தான் அனுப்புவாள். அதை வாசி படிக்கும். செய்தி வாசிக்கிற கம்பீரத்தில், 'அம்மா, இன்றும் ரசத்தில் உப்பு இல்லை' என்று ஓர் ஆண் குரல் சொல்லும்போது வரப்பில் இருக்கிற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். செங்கேணி சிரித்துவிட்டு இன்னொரு தடவை கேட்பாள்.

ஷாஹிஸ்தா விஷயத்தைச் சொன்னாள். செங்கேணி ஜெராக்ஸ் தாளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னிய நீ கேக்கவே இல்லியே."

"ஒன்கிட்ட போயி எப்டிக்கா கேக்கறது?"

"ஏன், என் கையில இருபது ரூபா இருக்காதா? மண்டிக்காரரு ஐநூறு வெச்சாருன்னாங்க, அதான் நான் வாயத் தொறக்கல. அந்தாளு போன்ல இது கீதா?"

இல்லை. ஷாஹிஸ்தாவுக்குச் சுருக்கென்றது. இருபத்துமூன்று பேரில் ஒருவர் போனிலும் வாசி இல்லை. அவர்கள் கௌஸ் பாயின் முகத்துக்காக வைத்தார்கள். தினமும் கேட்கிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவரையும் அவள் கேட்கவில்லை. ஏழைகளிடம் கேட்பது பாவம் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டிருந்தாள்.

"கேபிள்காரன் இன்னா பண்றான்?" என்றாள் செங்கேணி. "பாத்தாலும் பாக்கலன்னாலும் அஞ்சாந்தேதி வந்து நிக்கறான். குடுத்துக்கினுதான கீறோம்? நீயும் ஒரு தேதி சொல்லு."

"இது கட்டாயம் இல்லக்கா. குடுக்கலன்னாலும் படிக்கும்."

"அத்தயும் சொல்லு. ஆனா தேதியச் சொல்லு. தேதி இல்லன்னா யாருக்கு நாபகம் வரும்?"

6

வேண்டுகோளை வாசியே ஐந்தாம் தேதி ஒருமுறை படித்துக் காட்டட்டும் என்று முடிவாயிற்று. வாசகத்தை நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். வேறு எதற்கு இருக்கிறேன்? 'தாய்மொழியின் மூச்சாய் உங்கள் செவிகளில் இழையும் இக்குரல்—'

"சார்," என்றாள் ஷாஹிஸ்தா, கதைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நீங்க இன்னும் அந்த டைப்பிங்காரங்களுக்குக் குடுக்கலதான?"

"இல்லம்மா."

"அப்ப நானே எழுதிக்கறேன்."

எழுதினாள்:

'இந்தக் குரலுக்கு வாடகை உண்டு. மாதா மாதம் ஐந்தாம் தேதி இருபது ரூபாய் கொடுங்கள். நீங்கள் கொடுக்காவிட்டாலும் உங்களுக்குப் படிக்கும். யாருமே கொடுக்காவிட்டால் யாருக்கும் படிக்காது.'

படித்துக் காட்டினாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கௌஸ் பாயின் கை இருபது ரூபாயோடு நீண்டது.

"பேரு எழுதாத" என்றார்.

(அன்றைக்கே நானும் கட்டிவிட்டேன், மாதாமாதம் தானாகப் போகிறமாதிரி. இதைச் சொன்னால் தற்பெருமை. சொல்லாவிட்டால் ஷாஹிஸ்தா இனி என் கதைக்குள் வரமாட்டாள்.)

7

மூவாயிரம் சேர நூற்றைம்பது பேர் வேண்டும். ஐந்தாம் தேதி மாலைக்குள் அறுபத்தொரு பேர் கொடுத்திருந்தார்கள். தேனிப் பக்கம் ஒருவர், தூத்துக்குடியில் கண் தெரியாத ஆசிரியர் ஒருவர், பெயரே போடாத பலர். ஒருவர் தொகையும் ஒன்றில் முடியவில்லை. இருபத்தெட்டாம் தேதி நூற்றுப்பதினெட்டு. அரைகுறை அறிவிப்பை ஷாஹிஸ்தா இன்னும் அழிக்கவில்லை, வெளியிடவும் இல்லை. தானியேல் ஒரு நாளைக்கு நாலு முறை போன் செய்கிறான். 'வுட்ரலாம்' என்ற பேச்சை அவன் எடுப்பதில்லை.

இனி முடிவு. ஒன்று, நூற்றைம்பது பேரும் வந்துவிடுகிறார்கள், எல்லாருக்கும் கேசரி. எழுதிப் பார்த்தேன், விளம்பரம் மாதிரி இருந்தது. இரண்டு, முப்பதாம் தேதி குரல் நின்றுவிடுகிறது. மூன்று வரி எழுதினேன், செங்கேணி போனைக் காதில் வைத்து ஆட்டிப் பார்க்கும் இடத்தில் எனக்கே தாங்கவில்லை. மூன்று, கொஞ்சம் குறைகிறது, ஷாஹிஸ்தா கைக்காசு போடுகிறாள், அடுத்த ஐந்தாம் தேதி வருகிறது. உலகத்தில் இந்த மாதிரி வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அவள் கையில் காசில்லை என்று நானே மேலே எழுதிவைத்திருக்கிறேன்.

ஆக, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஜூலை ஒன்று, பகல் பதினொரு மணி. நடவு வயலில் செங்கேணியின் போன் அதிர்கிறது. பூஜாவிடமிருந்து நாலு வரி. அவள் கைச் சேற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்குகிறாள். எழுத்து, வாடகைக் கணினிக்குப் போய்க் குரலாகத் திரும்பி வர ஒரு நொடி ஆகும். பக்கத்துப் பெண்கள் குனிந்தபடியே காது கொடுக்கிறார்கள்.

அந்த ஒரு நொடியை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன்.