டி இல்லை, நாலு

அட்டைப்பெட்டி ஆலையின் மாடியறையில் கணினி முன் உட்கார்ந்து, கீழே உள்ள பதினோரு இயந்திரங்களை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவள் வேலை. எது எப்போது நின்றது என்பதை ஒரு எக்செல் தாளில் குறிப்பாள். முதல் பத்தியில் நேரம், மற்றவற்றில் இயந்திரங்கள். பத்தியின் தலையில் தெரியும் ஆங்கில எழுத்தே இயந்திரத்துக்கும் பெயராகிவிட்டது: பி, சி, டி.

ஒருநாள் மதியம் கீழிருந்து ஃபிட்டர் போனில் கத்தினான். அவள் கொழுந்தன்தான்.

"அண்ணி, டியை நிறுத்துங்க!"

இரைச்சலில் 'பி' என்று காதில் விழுந்தது. பியை நிறுத்திவிட்டு, "நிறுத்தியாச்சு" என்றாள். அட்டை சிக்கி நின்றிருந்த டிக்குள் அவன் கைவிட்டான். சிக்கலை எடுத்ததும் பெல்ட் ஓடியது. இரண்டு விரல்களில் தோல் உரிந்தது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க அண்ணி."

அவளால் விட முடியவில்லை. மறுநாள் எக்செல் அமைப்புகளைத் துழாவி ஒரு சின்னக் கட்டத்துக்குள் 'டிக்' குறி போட்டாள். எழுத்துகள் மறைந்து 1, 2, 3 என்று தலைப்புகள் வரிசைகட்டின. சாக்பீஸோடு இறங்கிப் போய் ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் அந்த எண்ணை எழுதினாள்.

"ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்குதே, ஒண்ணாம் நம்பர் எங்க?" என்றான் கட்டுப்போட்ட கையோடு நின்ற கொழுந்தன்.

"ஒண்ணு நம்ம நேரம். அதுதான் சரியில்லையே!"

சிரிப்புச் சத்தம் கேட்டு மேலாளர் வந்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க? எல்லாக் கிளையிலயும் ஏபிசிதான். பழையபடி வைங்க."

"தலைப்பு மட்டும்தான் சார் வேற மாதிரி தெரியுது. உள்ள ஒரு எழுத்து மாறல."

"வைங்கன்னா வைங்க."

"மாட்டேன் சார்."

அவரே மேலே வந்து அந்த 'டிக்' குறியை எடுத்தார். அவர் படியிறங்குவதற்குள் அவள் மறுபடி போட்டாள். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நான்காம் நாள் மெமோ வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"வேலை போயிடும்மா."

"போகட்டும் சார். விரல் போனா வராது."

அன்று சாயங்காலம் அவர் கீழிருந்து போன் செய்தார். "ஜியை நிறுத்துங்க!"

"அப்படி ஒரு மெஷின் இங்க இல்ல சார்."

பக்கத்திலிருந்த ஃபிட்டர்களைப் பார்த்தார். எல்லோரும் இயந்திரத்தின் மேலிருந்த சாக்பீஸ் எண்ணையே பார்த்தார்கள். இயந்திரம் பாட்டுக்கு அட்டையைக் கசக்கித் துப்பிக்கொண்டிருந்தது.

"ஏழு" என்றார் பல்லைக் கடித்தபடி. "ஏழை நிறுத்துங்க."

உடனே நிறுத்தினாள். மெமோவை அவர் திரும்ப வாங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் பெயின்ட்டும் தூரிகையும் வந்தன.