சித்ரா காய்ச்சிய பியர்

நிச்சயதார்த்தத்தன்று காலையிலேயே சித்ராதேவிக்குக் கோபம் தொடங்கிவிட்டது. தின்கன்ஜூன் பகுதியில் விடியுமுன் போன கரண்ட் இன்னும் வரவில்லை. ஒரு வாரமாகக் குளிரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயு ஏற்றிப் பக்குவப்படுத்திய பியர், பீப்பாய்க்குள் சூடேறிக்கொண்டிருந்தது.

பகலில் மருந்துக் கம்பெனி வேலை. மற்ற நேரமெல்லாம் அவளுக்கு இதுதான். சோடா கம்பெனி கழித்துப்போட்ட அந்த எஃகுப் பீப்பாயைக் காயலான் கடையில் வாங்கி, ரப்பர் வளையங்களை மாற்றிச் சரிசெய்தவள் அவளேதான். ஐஸ் கட்டிகளை வாங்கிவந்து, பின்கட்டில் தொட்டி நிறையக் கொட்டி, பீப்பாயை அதற்குள் இறக்கினாள்.

அப்போது அண்ணன் சசிகுமார் வந்தான்.

"இது பியர் ஸ்டேஷன் கடையில வாங்குனதுன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு."

"ஏண்ணே?"

"பொண்ணு பியர் காய்ச்சுறான்னா எவன் கட்டிக்குவான்?"

"சிவராஜுக்குத் தெரியுமே. எத்தனை தடவ இங்க வந்து குடிச்சிருக்காரு!"

"அவங்க அம்மாவுக்குத் தெரியாதுல்ல."

சித்ரா பல்லைக் கடித்துக்கொண்டாள். முதல் தடவை குடித்தபோது, "கல்யாணம் ஆனதும் நாம ரெண்டு பேரும் கடையே போட்டுடலாம்" என்று சொன்னவன் சிவராஜ். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் சம்மதித்ததே.

விருந்தாளிகள் வந்தார்கள். அவள் புடவை கட்டிக்கொண்டிருக்கையில் சசிகுமார் அறைக்கதவைத் தட்டினான். சட்டையெல்லாம் நுரை.

"வெறும் நுரையாக் கொட்டுது. யாரும் பாக்காம வந்து சரி பண்ணிட்டுப் போயிடு."

"என்ன பண்ணுனீங்க?"

"மெதுவா வந்துச்சு. வாயுவக் கொஞ்சம் கூட்டுனேன்."

"ஐஸெல்லாம் கரைஞ்சு சூடாகிக் கிடக்கு, அதுல போய் வாயுவக் கூட்டுவாங்களா? யாரு உங்கள அதத் தொடச் சொன்னது?"

பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வாயு சிலிண்டரை மூடினாள். மூடியில் வாயுவை வெளியேற்றும் வளையத்தை இழுத்ததும் பீப்பாய் சீறியது. அழுத்தம் இறங்கும் வரை காத்திருந்து, இன்னும் ஐஸ் போட்டு, மிகக் குறைவாக மறுபடி வாயுவைத் திறந்தாள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்தாள். பொன்னிறமாக இறங்கியது, மேலே ஒரு விரல் நுரை. தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.

சிவராஜின் மாமா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேங்கப்பா! எந்த ஸ்டேஷன்ல வாங்குனீங்க?"

சசிகுமார் வாயைத் திறந்தான். சித்ரா முந்திக்கொண்டாள்.

"நான் காய்ச்சுனதுங்க."

சிவராஜின் அம்மா காளியம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

"சாராயம் காய்ச்சுற பொண்ணையாடா பாத்து வச்சிருக்க? உனக்குத் தெரியுமா?"

சிவராஜ் கையிலிருந்த கிளாஸையே பார்த்தான்.

"தெரியாதும்மா."

சித்ரா தட்டைக் கீழே வைத்தாள். அவன் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினாள். பியர் அவன் வெள்ளைச் சட்டையில் சிந்தியது.

"தெரியாதவரு எதுக்கு இதக் குடிக்கணும்?"

அவர்கள் கொண்டுவந்திருந்த தாம்பாளத்தைத் தூக்கிக் காளியம்மாவின் முன்னால் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க."

"சித்ரா!" என்று அண்ணன் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் போனாள்.

சிவராஜ் பின்கட்டுக்கு ஓடிவந்தான். "அம்மா முன்னாடி எப்படிச் சொல்றது? அப்புறமாப் பேசிச் சமாளிச்சிருப்பேன்ல?"

"எனக்காக ஒரு வார்த்தை பேச உங்களுக்கு வாய் வரல. பொய் சொல்ல மட்டும் உடனே வந்துச்சு. போங்க."

"இந்தச் சின்ன விஷயத்துக்கா?"

"போங்கன்னு சொன்னேன்."

டாக்ஸிகள் கிளம்பும் சத்தம் கேட்டது. சசிகுமார் வந்து வாசற்படியில் நின்றான். "இப்பவே போனா பிடிச்சிடலாம். மன்னிப்புக் கேளு."

"நீங்க போய்க் கேளுங்க. நீங்கதான பொய் சொன்னீங்க."

அவன் முனகிக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

சித்ரா ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை. ஒரு மடக்குக் குடித்தாள். இதுவரை காய்ச்சியதில் இதுதான் நன்றாக வந்திருந்தது. இன்றைக்கென்று பார்த்து இப்படி வந்ததே என்று அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.