பெரட்டு மணிக்கு முன்னால்

ஐயாசாமிக் கிழவனுக்குப் புத்தி பேதலித்துப் போனதுகூடப் பெரிசில்லை. கை பேதலிக்கவில்லையே, அதுதான் வினை! சொந்தப் பேர் மறந்துபோச்சு, சோறு தின்றது மறந்துபோச்சு. ஆனால் விடியாத இருட்டில் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டு மணி அடித்தால் போதும், தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுவார். கையில் கிடைத்த கத்தியோடு நேரே ரப்பர் காட்டுக்குள் போவார். பால் வெட்டுகிறாராம். வெட்டு பட்டையோடு நிற்குமா? கட்டை தெரியக் கொத்திவிட்டு, "இன்னைக்குப் பால் வரத்து கம்மி" என்று மரத்தையே திட்டிக்கொண்டு நிற்பார்.

மலாயாவில் லாபிஸ் பக்கத்துத் தோட்டம் அது. ரப்பர் விலை மண்ணாய்ப் போன காலம். ஆளைக் குறைக்க எப்போது சாக்குக் கிடைக்கும் என்று தோட்டத்து நிர்வாகத்தார் காத்திருந்தார்கள். கணக்கெழுதுகிற கிராணி, கிழவரின் மகள் வெள்ளையம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னான்: "இன்னொரு மரத்துல கெழவன் கத்தி பட்டுச்சுன்னா, அடுத்த கப்பல்ல ஊருக்கு ஏத்திருவோம். ஒன்னைய இல்ல, அவர மட்டும்."

தனியாகக் கப்பலிலா! நாகப்பட்டினத்தில் இறங்கி அந்த மனுசன் யாரைத் தேடுவார்? அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? வெள்ளையம்மாவுக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்? புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், பிள்ளையும் இல்லை. தலை நரைக்கிற வயதில் அப்பன்தான் மிச்சம்.

கத்தியை ஒளித்தால் அடுத்த வீட்டுக் கத்தி. கதவைப் பூட்டினால் பலகையைப் பெயர்த்துவிடுவார். கட்டிப்போடுவது ஒன்றுதான் வழி. பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு போனாள், அப்பன் கையைத் தொட்டதும் தேம்பித் தேம்பி அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதே லயத்தில் நாலு வீடு தள்ளி ராஜம்மா. இவள் வயசுதான். புருஷன் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனவன் போனவன்தான். அவள் ஆத்தா காளியம்மாவுக்குக் கண் தெரியாது, தவழ்ந்து போய் அடுப்பில் கையை விட்டுப் பொசுக்கிக்கொண்டவள். ராஜம்மாவுக்கும் ஆத்தாளைக் கட்ட மனசு வரவில்லை.

அவள்தான் கடைசியில் சொன்னாள். "அடியே வெள்ள, எங்காத்தாவ நீ கட்டு, ஒங்கப்பன நான் கட்டுறேன். பெத்தவங்களக் கட்டுன பாவம் ரெண்டு பேருக்கும் வேணாம்டி."

அப்படியே நடந்தது. ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் குழாயடியில் போய் நிற்பாள். காளியம்மா லேசுப்பட்டவளா? கடிப்பாள், பிறாண்டுவாள், "பாடையில போறவளே" என்பாள். வெள்ளையம்மா வெளியே வந்து, "ஒங்காத்தா சமத்தா கைய நீட்டுச்சுடி" என்பாள். ராஜம்மாவும் வந்து, "ஒங்கப்பன் நல்லாத் தூங்கிட்டாரு" என்பாள். நான் அளக்கிற மாதிரிதானே இவளும் அளப்பாள் என்று வெள்ளையம்மாவுக்குத் தோன்றும். திட்டுகிறாரோ? அழுகிறாரோ? என்னைக் கூப்பிடுகிறாரோ? அப்பன் மணிக்கட்டில் சிவந்த தடத்தைப் பார்த்துக் கேட்டால், "கொசு கடிச்சிருக்கும்" என்று ராஜம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒருநாள் ராஜம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். வெள்ளையம்மா காளியம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, வசவை வாங்கிக்கொண்டு கட்டிவிட்டு வந்தாள். தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். வேறு யாரைக் கூப்பிட? வெளியே தெரிந்தால் கிராணி காதுக்குப் போகும். வேலைக்குப் போகாமல் இருந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். மணி அடிக்கிற நேரமாகிவிட்டது.

முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள். காடா விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. கிழவர் உட்கார்ந்திருந்தார், விழித்துக்கொண்டுதான். சேலைத் துணியைக் கண்டதும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"வந்துட்டியா ராசம்மா? ஏந்தாயி இன்னைக்கு இம்புட்டு நேரம்? சீக்கிரம் கட்டு. எம்மவ வந்துறப் போறா, பாத்தா தாங்கமாட்டா."

அடப்பாவி மனுசா, எல்லாம் தெரிந்துதானா?

"இறுக்கிக் கட்டு. மணியடிச்சா இந்தக் கையி நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

கட்டினாள். கண்ணீர் அவர் கையில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டினாள்.

"எம்மவகிட்ட என்னான்னு சொல்லுவ?"

தொண்டையைச் செருமி, ராஜம்மா குரலை வரவழைத்துக்கொண்டாள். "நல்லாத் தூங்கிட்டாருன்னு சொல்றேன்."

"ஆங். என்னைக்கும் சொல்ற மாதிரி அதையே சொல்லு."

பெரட்டு மணி அடித்தது. கிழவர் முகம் மாறிப்போனது. "கத்தி எங்க? என் கத்தி எங்க?" என்று கை இரண்டும் துணிக்குள் துடித்தன. வெள்ளையம்மா முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.